கொக்கி மாட்டின பிறகு

— இடுப்புப் பட்டை ரொம்ப இறுக்கமா இருக்கு தம்பி. மூச்சு முட்டுது.

— இறுக்கமா இருந்தாத்தான் மேடம் வேலைக்காகும். கொக்கி தொப்புளுக்கு நேரா வரணும். இவ்வளவு நாளா பாய்மரப் பலகையில நின்னு கையாலயே பாயைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போனீங்க. இன்னைக்கு இந்தக் கொக்கியில தொங்கப் போறீங்க. சரிங்களா?

— அறுந்துக்கிட்டா?

— யானையையே கட்டலாம் இதுல.

— என்னைப் பாத்து யானைங்கறீங்க.

— ஐயோ, நான் பட்டையைச் சொன்னேன் மேடம்! ஹெல்மெட்டைப் போடுங்க. நான் பைனாகுலரோட கரையில நிப்பேன். காதுக்குள்ள என் குரல் வரும். வாய்கிட்ட மைக் இருக்கு, நீங்க பேசினா எனக்கும் வரும். போன வாரம் வரைக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சே, இனிமே அந்தத் தொல்லை இல்ல.

— நல்லாருக்கே. நானும் இருபத்தாறு வருஷமா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு மைக்ல பேசறவதான். ‘மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, விடுங்க.’ எக்ஸ்ரே ரூம்ல யாரும் திருப்பிப் பேசினதே கிடையாது. விட்டாப் போதும்னு சட்டையை மாட்டிக்கிட்டு ஓடிடுவாங்க.

— இங்க நான் பேசிக்கிட்டே இருப்பேன். வாய் ஓயாதுன்னு எங்க வீட்லயே கம்ப்ளெயின்ட். கிளம்புங்க மேடம்.

— கேக்குதா தம்பி? தண்ணிக்கு வந்துட்டேன். பலகை ஆடுது.

— நல்லாக் கேக்குது. ஆடத்தான் செய்யும். காத்து சீரா இருக்கு. இப்பப் பாயோட குறுக்குக் கம்பியை மார்கிட்ட இழுத்து, அதுல தொங்கற கயித்து வளையத்தைக் கொக்கியில மாட்டுங்க. குனிஞ்சு பாக்காதீங்க.

— பாக்காம எப்படி மாட்டறது? இருங்க... மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு தம்பி! ஐயோ, பாய் இழுக்குது...

— பின்பக்கக் கையைத் தளத்துங்க! தளத்துங்க மேடம்! ...போச்சு. மேடம்? அடி ஏதாவது பட்டுச்சா? மேடம்? நான் பேசறது கேக்குதுன்னா கையைத் தூக்கிக் காட்டுங்க.

— ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல. யாரோ தூக்கி எறிஞ்ச மாதிரி பாய் மேலயே போய் விழுந்தேன். மூக்கெல்லாம் தண்ணி. இதோ பாருங்க, கை.

— ஆங், கை தெரியுது. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் மேடம். கொக்கி மாட்டினவுடனே இடுப்பை மடக்கிட்டீங்க. பாய் அப்படியே தூக்கி முன்னாடி போட்டுடுச்சு. பலகை மேல ஏறுங்க. கயித்தைப் பிடிச்சுப் பாயைத் தூக்குங்க.

— ஏறிட்டேன். தம்பி, ஒரு விஷயம் சொல்லணும். உங்ககிட்டப் போய் சொல்றதான்னும் இருக்கு.

— அவசரமே இல்ல மேடம். நிதானமா, ஒவ்வொண்ணா.

— சரி. எங்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல ஒருத்தர் இருக்கார். பதினோரு வருஷமாத் தெரியும். தெரியும்னா, ‘சாப்டாச்சா’, ‘மழை வரும்போல இருக்கே’, அவ்வளவுதான். மனைவி தவறி ரொம்ப நாளாச்சு அவருக்கு.

— நல்லாப் போகுது. போங்க, போங்க.

— போன வாரம் எனக்குப் பிரஷர் மாத்திரை குடுத்தார். கவருக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு. ‘இருபத்தெட்டாந் தேதியோட எனக்கு ஓய்வு. அக்கா இருக்கற ஊருக்கே போயிடறேன். நீங்களும் வர்றதா இருந்தா ரெண்டு டிக்கெட் எடுக்கறேன்.’ மாத்திரை கவர் மேல எழுதற அதே கையெழுத்து. சாப்பாட்டுக்கு அப்புறம்னு போடாத குறைதான்.

— தோளைப் பாருங்க, காது வரைக்கும் ஏறியிருக்கு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க மேடம். விடுங்க.

— ஊருக்கெல்லாம் சொல்றவளுக்குத் தன் மூச்சு தெரியல பாருங்க. எனக்கு அம்பத்திரண்டு வயசு தம்பி. அப்பாவைப் பாத்துக்கிட்டே முப்பதும் போச்சு, நாப்பதும் போச்சு. அவரும் போயிட்டார். ஞாயித்துக்கிழமையானா டிவியைச் சத்தமா வெச்சுட்டு அடுத்த ரூம்ல போய் உக்காந்துக்குவேன். வீட்ல யாரோ இருக்கற மாதிரி இருக்கும். அது பொறுக்க முடியாமத்தான் இங்க வந்து சேந்தேன். வேலை ஜன்னலே இல்லாத ரூம்ல. லீவு நாள்லயாவது கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணியைப் பாப்போமேன்னு.

— வேகம் வந்தாச்சு. இப்பக் கொக்கியை மாட்டுங்க. இடுப்பை முன்னால தள்ளுங்க, வளையம் தானா வந்து விழும். ...ஆச்சு. இப்ப நாற்காலியில உக்கார்ற மாதிரி அப்படியே பின்னால உக்காருங்க.

— உக்காந்தா விழுந்துடுவேன்!

— கையால இழுக்காதீங்க மேடம். கொக்கியையும் மாட்டிக்கிட்டுக் கையாலயும் இழுத்தா வளையம் தொளதொளன்னு ஆகிக் கழண்டுக்கும். உங்க எடையை அதுகிட்டக் குடுங்க. நம்பிக் குடுங்க.

— அதான் எனக்கு வராது. டேபிள் மேல ஏற முடியாதவங்களை நான்தான் தூக்கி விடுவேன். என்னை ஒருத்தர் தாங்கி எனக்குப் பழக்கமே இல்ல.

— அவ்வளவுதான்! உக்காந்துட்டீங்க! கையைப் பாருங்க, சும்மா மேல வெச்சிருக்கீங்க. சூப்பர் மேடம்!

— ஆமா... ஆமா தம்பி. கை வலியே இல்ல. விரல் மட்டும்தான் தொட்டுக்கிட்டிருக்கு.

— அடுத்தது பலகை மேல இருக்கற கால் வார். முன்காலைத்தான் முதல்ல அதுக்குள்ள விடணும். பின்காலை முதல்ல விட்டா பலகை காத்தைப் பாத்துத் திரும்பிக்கும். கீழ பாக்காம பாதத்தாலயே தேடுங்க.

— இன்னைக்குத் தேதி இருபத்தெட்டு. ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவார். மூணு நாளா தினம் ரெண்டு தடவை கவுண்டர் வரைக்கும் போறேன். பின்னால ஆள் வந்து நிக்குது. ‘தலைவலி மாத்திரை’ன்னு கேட்டு வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்துடறேன். வீட்ல ஆறு அட்டை சேந்துடுச்சு. இன்னைக்கு அவர் மூஞ்சியைப் பாக்கவே பயந்து லீவு போட்டுட்டு இங்க வந்து நிக்கறேன்.

— தேடறீங்க, தேடறீங்க... கிடைச்சுடுச்சு! முன்கால் உள்ள போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் சாயுங்க.

— யார்கிட்டக் கேக்கறது, சொல்லுங்க? தங்கச்சிகிட்டச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. ஆஸ்பத்திரியில மூச்சு விட்டா மறுநாள் வார்டு பூரா அதே பேச்சு. உங்களுக்கு நான் யாரோ. அதான் கேக்கறேன். இந்த வயசுல ஒருத்தரோட கிளம்பிப் போலாமா தம்பி? தப்பா?

— தயங்காதீங்க மேடம்! இந்தக் காத்தை விட்டா அப்புறம் கிடைக்காது. பின்காலையும் விடுங்க!

— விட்டுட்டேன்! ரெண்டு காலும்! ஐயோ, பலகை தண்ணியைத் தொடவே இல்லையே!

— பறக்கறீங்க மேடம்! அசையாதீங்க, அப்படியே இருங்க!

— எக்ஸ்ரே ரூம்ல நான் சொல்ற டயலாக்கை எனக்கே சொல்றீங்க! தம்பி, இப்பச் சொல்லிப் பாக்கறேன், கேளுங்க. இதுவரைக்கும் வாய் விட்டுச் சொன்னதில்ல. ‘ரெண்டு டிக்கெட் எடுங்க. தனியா இருந்து எனக்கு அலுத்துப் போச்சு. நானும் வர்றேன்.’ ...சொல்லிட்டேன். சொல்லிட்டேன் தம்பி! சரியா இருந்துச்சா?

— இதுக்கு மேல என்ன வேணும்! கை தட்டறேன் பாருங்க! மெதுவா வாரிலேர்ந்து காலை எடுத்துட்டுக் கரைக்கு வாங்க.

— வந்துட்டேன். கையைக் குடுங்க. மணி என்ன?

— அஞ்சு ஆகப்போகுது. பட்டை கட்டின முதல் நாளே ரெண்டு வார்லயும் காலை விட்டவங்களை நான் பாத்ததில்ல மேடம். குனிங்க, ஹெல்மெட்டைக் கழட்டறேன்.

— நேரா அங்கதான் போகப்போறேன். தலைகூடத் துவட்டப் போறதில்ல. நீங்க மட்டும் அப்படிப் பட்டுன்னு பதில் சொல்லியிருக்காட்டி இன்னைக்கும் வீட்ல அந்த மாத்திரையோடதான் உக்காந்திருப்பேன்.

— என்ன மாத்திரை?

— அதான், அந்தக் கவுண்டர்... நான் சொன்னேனே, அவர்.

— யாரு மேடம்? இதைப் பாருங்க, உங்க மைக் வயர் அறுந்து தொங்குது. முதல்ல விழுந்தீங்க பாருங்க, அதோட உங்க குரலே வரல. நீங்க நிக்கறதையும் சாயறதையும் பாத்துப் பாத்து நானாப் பேசிக்கிட்டிருந்தேன். பைனாகுலர்ல வாய் அசையறது தெரிஞ்சுது. பாடறீங்கன்னு நெனச்சேன்.

— ஒண்ணுமே கேக்கலையா?

— ஒரு வார்த்தை கூட இல்ல. ஏன், ஏதாவது முக்கியமா? இப்பச் சொல்லுங்க மேடம், பக்கத்துலதானே நிக்கறேன்.

— இல்ல தம்பி. உங்ககிட்ட இன்னொரு தடவை சொல்ல எனக்கு வராது. பட்டையைக் கழட்டுங்க, ஆறு மணிக்குள்ள போய்ச் சேரணும்.