டயர்த் தடத்துத் தேரை

"அலோ... ஆமா, அக்காதான். சொல்லு செல்வம்... இரு, இரு. இங்க மிஷின் சத்தம். தள்ளிப் போயிக்கிறேன்."

பந்தல்குடி ரோட்டில் சல்லி சுமந்துகொண்டிருந்த முத்துப்பேச்சி, சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கருவேல மரத்து அரைநிழலுக்கு நகர்ந்தாள். ஜெர்மனியில் கல்குவாரி வேலைக்குப் போயிருக்கும் தம்பி செல்வக்குமார், வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை.

"ம், இப்பச் சொல்லு... ஏன் கொரலு ஒருமாதிரி இருக்கு? அடிகிடி பட்டுருச்சா?... பின்ன?... என்னது, தேரையா?... ஏண்டா, தேரை செத்ததுக்கா போன் போடுற?... சரி, சரி. குறுக்க பேசல."

"ம்... ம்... லாரி போன தடத்துல தண்ணி நிக்கிது, சரி... அதுலயா முட்டை போடும்? ஏன், அந்த ஊருல கொளம் கெடையாதா?... கொளத்துல மீனு தின்னுருமா. ம்... வயிறு மட்டும் மஞ்சளு. சரி... அந்த நாட்டுலயே கொஞ்சந்தான் மிச்சமா? யாரு எண்ணுனா?... எண்ணுறதுக்குன்னே ஆளு இருக்கா. நல்லாருக்கு."

"அத நீ என்ன பண்ணுன?... மூடிட்டியா? சல்லியக் கொட்டியா? எதுக்குடா மூடுன?... குச்சி ஊண்டிச் செவப்புத் துணி கட்டியிருந்துச்சா..."

அவள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்தில் லோடு போகிற பாதையில் பள்ளம் விழுந்தால், முதலில் பார்த்தவர் ஒரு மரக்கொப்பை ஊன்றிச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவார். பின்னால் சல்லியோடு வருகிறவர் ஒரு சட்டி கொட்டி நிரவிவிட வேண்டும். யாரும் சொல்லத் தேவையில்லை. இங்கே கல்லுடைக்கும் கிரஷரில் வேலை பார்த்த காலத்தில், துணி கட்டிய பள்ளத்தைச் செல்வக்குமார் மூடாமல் தாண்டிப் போனதே கிடையாது. ஜெர்மனியில் அந்தத் துணியைக் கட்டியது, யாரும் கிட்டே வரக்கூடாது என்பதற்கு.

"நம்மூருன்னு நெனச்சிட்டியாடா... ஆமா. ஆமா. நானா இருந்தாலும் மூடத்தான் செஞ்சிருப்பேன்... அழாத... திருப்பி அனுப்பிருவாகளா? யாரு சொன்னா?... ஆபீசருக வாராகளா? தேரைக்கா?"

மரத்தடியில் அவள் தனியாகச் சிரித்தாள்.

"ஒன்னயச் சிரிக்கலடா. ஒம் மச்சான நெனச்சேன். கிரஷர் தூசியத் தின்னு தின்னு, கடைசியில மூச்சு ஏறாமக் கெடந்து போயிச் சேந்தாரே, எந்த ஆபீசரு வந்தான்? எத்தன மனுக் குடுத்தோம்? எட்டிப் பாத்தானா?... அவரு வயிறு மஞ்சளா இல்ல. அதான்."

"விளையாட்டுக்குச் சொல்லல. நீயும் அந்தத் தூசியத் திங்கக் கூடாதுன்னுதானடா ஒன்னய அம்புட்டுத் தொலைவு அனுப்புனேன். திரும்பி வந்தா இங்க வேற என்ன வச்சிருக்கு ஒனக்கு?... இரு. யோசிப்போம். நீ சல்லியக் கொட்டுன மிஷின வழக்கமா ஓட்டுறவன் யாரு?... நேபாளத்துக்காரனா. அன்னைக்கு அவன் எங்க இருந்தான்?... லீவு இல்லேல்ல? நீ மூடுனத யாரும் பாக்கலேல்ல? அப்ப, அவந்தான் கொட்டுனான்னு சொல்லிரு."

"ஏன் சொல்லக் கூடாது? அவன் ஒனக்கு மாமனா, மச்சானா?... ஒனக்குக் காச்சல்னா கஞ்சி காச்சிக் குடுத்தானா. சரி, நல்லவந்தான். நல்லவன் எங்க போனாலும் பொழச்சுக்கிருவான்... நீ பேசாத, நான் சொல்றதக் கேளு. ஊரு பேரு தெரியாதவனுக்காக நீ வந்து... என்ன?... யாரு?... டெய்லி கூப்புடுவாளா... அவனுக்கும் ஒரு அக்காளா?"

ரோட்டில் மிஷின் மறுபடியும் உறுமியது. மேஸ்திரி இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை.

"அத எதுக்குடா எங்கிட்டச் சொன்ன?"

"இருக்கேன்... லைன்லதான் இருக்கேன்... ஒண்ணுமில்ல."

"அவன் பேர எடுக்காத. நாந்தான் மூடுனேன்னு சொல்லு. எங்க ஊருல துணி கட்டியிருந்தா மூடணும்னு அர்த்தம், அதான் மூடுனேன்னு சொல்லு... நம்புனா நம்புறாக, நம்பாட்டிப் போறாக... அனுப்புனா வா. அதுக்கென்ன. கிரஷருல ஒம் மச்சான் நின்ன எடத்துக்கு மொதலாளி இன்னமும் ஆளு தேடிக்கிட்டுத்தான் இருக்கான்... வையி. மேஸ்திரி கூப்புடுறாரு."