பென்ரோஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய பாடசாலை அதிபர் சரவணமுத்து அவர்களே! பதுளையிலிருந்தும் ஸ்பிரிங்வெளியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! இந்தச் சட்டத்தரணியின் பணிவான வணக்கம்.

நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலில் மூன்று பருவங்கள் முதல்வராய் வந்த ஜொக்கி மருதை பென்ரோஸ், இதோ என் அருகில் இருக்கிறார். இந்த மண்டபத்துக்கு அவர் பெயர். பலகை இன்னும் துணிக்குள் இருக்கிறது.

"பென்ரோஸ எடுங்க ஐயா! தொரை பேரு நமக்கெதுக்கு?"

தம்பி ரஜீவ், கேட்டேன். அமருங்கள். பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்? வதந்தி ஒன்று சொல்லும். அதை என் வாயால் சொல்லேன். ஆவணம் சொல்வதைச் சொல்வேன். ஆதாரமா? பெரட்டுப் பட்டியல், பிறப்புப் பதிவு, இரண்டு தாள்களையும் என் கண்ணால் பார்த்தேன், ஐயா! பெரட்டில், அதுதான் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், ஆட்களைக் கங்காணியின் பெயரால் பிரித்து அழைத்த காலம். பென்ரோஸ் துரையின் குதிரையைப் பராமரித்த வீரய்யாவுக்குக் கங்காணி இல்லை. பட்டியலில் அவர் வெறும் 'பென்ரோஸ் ஆள்'. மகன் மருதை பிறந்தபோது, தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் கிளாக்கர் பட்டியலில் இருந்த 'பென்ரோஸ்' என்பதையே எழுதிவிட்டார். பிழை பேனாவுக்கு, பழி யாருக்கு? கருப்பம்மா என்ற தாய்க்கு! தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சிரித்தார்கள். திருவிழாவில் சிரித்தார்கள். ஐம்பது ஆண்டுகள் சிரித்தார்கள்!

"ஒரு சத்தியக்கடதாசி போதும், திருத்திவிடலாம்" என்று மருதையிடம் அவர் பந்தயத்தில் இறங்கும் முன்பே சொன்னேன்.

"வேணாங்க ஐயா. இப்ப மாத்துனா, எங்கம்மாவப் பத்திப் பேசுனது நெசம்னு ஆயிரும். இந்தப் பேரோடயே செயிக்கிறேன்."

வென்றார்! சிரித்தவர்கள் செவிகேட்க, அந்தப் பெயர் திடலெங்கும் முழங்க முழங்க வென்றார்! பொறுங்கள், கைதட்டலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அப்படியென்றால் பெயர் இருக்கட்டுமா, போகட்டுமா? தீர்மானிக்கும் உரிமை எனக்கா? ரஜீவுக்கா? மருதைக்கா? பழியைச் சுமந்தவரைக் கேட்பதல்லவா நீதி! முன்வரிசையில் இருக்கும் கருப்பம்மா அவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

"இருக்கட்டும் ஐயா, எம்புள்ள ஓடி எடுத்த பேரு. ஆனா எம்புருசன் பேரையும் பக்கத்துல எழுதுங்க. அந்த மனுசன் பேருதான் ஒரு எடத்துலயும் இல்ல."

கேட்டீர்களா? இத்தனை ஆண்டுகள் சட்டம் படித்த எனக்கு இந்த நியாயம் தோன்றவில்லையே!

தலைவர் அவர்களே, தங்கள் அனுமதியோடு துணியை இன்று விலக்க வேண்டாம்; பலகையைப் புதிதாக எழுதிய பிறகு விலக்கலாம். தம்பி ரஜீவ், உங்கள் கையெழுத்து அழகென்கிறார்கள். தூரிகையோடு மேடைக்கு வாருங்கள். மருதை வீரய்யா பென்ரோஸ். வீரய்யா என்பதைச் சற்றுப் பெரிதாகவே எழுதுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கருப்பம்மா தாயே, உங்களுக்குக் கைகூப்பி வணக்கம்.