கஞ்சி போன வரைபடம்

பவுனம்மா போடும் காப்பி நன்றாக இருக்கும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகர்பட்டாவிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆகுர்டி வரை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். நான் மறுத்ததில்லை. நாற்பது வயது ஆள் வீட்டில் உட்கார்ந்து பொம்மை ரயில் செய்கிறான் என்று தெரிந்தால் இன்னும் அதிகம் சிரிப்பார்கள்.

பவுனம்மாவின் கணவர் ஜம்புநாதன், ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் வந்ததும் அவருடைய அலுவலகம் பழைய வரைபடங்களைத் தலைமுழுகியது. குப்பைக்குப் போகவிருந்ததில் ஒரு கட்டு வரைபடங்களை இவர் கேட்டு வாங்கி வந்திருந்தார். எல்லாம் அந்தக்கால ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசவும் எழுத்து எழுதவும் வரைந்தவை. காவிச் சிவப்பு எங்கே முடிய வேண்டும், மஞ்சள் கோடு எவ்வளவு தடிமன், 'மூன்றாம் வகுப்பு' என்பது ஜன்னலுக்கு எவ்வளவு கீழே வர வேண்டும் என்று கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மெல்லிய ட்ரேசிங் துணியில் கறுப்பு மசியால் போட்டிருக்கும். அப்படி ஒரு பெட்டி இன்று எங்குமே ஓடவில்லை. அந்தத் துணியைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வேன்.

எனக்குக் கொடுத்துவிடுங்கள் சார் என்று கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை.

2004ஆம் வருஷம் கோடையில் அவர் மகள் ப்ரீத்திக்கு இங்கேதான் பிரசவம் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு போனேன். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு வெள்ளை வெளேரென்று ஒரு சட்டை. ஓரத்தில் மங்கலாகக் கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது.

"இவரோட வரைபடத் துணியத்தான் கஞ்சி போக வெந்நீர்ல அலசினேன் தம்பி. எப்படி மல்லுத் துணியா ஆயிடுச்சு பாருங்க. பச்சப் புள்ளைக்கு உறுத்தாது. பஜார்ல கெடைக்குமா இது?" என்றார் பவுனம்மா.

நான் ஜம்புநாதனைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "சோடோ, விடு முகுந்த். வண்டியே போயிடுச்சு, எழுத்த வச்சிக்கிட்டு என்ன பண்றது? பேரன் போட்டுக்கட்டும். இன்னும் வேணும்னா எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன்."

அவர் நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அன்று எழவு வீட்டிலிருந்து வந்தவன்போல் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு ஞாயிறு. மகளையும் பேரனையும் புகுந்த வீட்டில் கொண்டுவிடப் பவுனம்மா போயிருந்தார். நானும் ஜம்புநாதனும் மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கை பட்டுச் சொம்பு சாய்ந்தது. தண்ணீர் வரைபடத்தை நோக்கி ஓடியது. முதலில் வரைபடத்தைத்தான் தூக்கினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அலமாரிமேலேயே இருந்தது. முன்பொரு தடவை நானே அதை அவர் வாயில் வைத்திருக்கிறேன். "முகுந்த், அது... அது..." என்று கையை நீட்டினார். மாத்திரை டப்பாவை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு வரைபடத்தை மடிப்பு விழாமல் சுருட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று நினைத்தார்போலிருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. சாரல் அடித்ததால் கதவைச் சாத்தினேன். அவர் அடங்கிய பிறகு டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன்.

காரியம் முடிந்த அன்று பவுனம்மா அந்த வரைபடக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"அன்னிக்குப் பேரன் சட்டையப் பாத்து உங்க மூஞ்சி வாடினதக் கவனிச்சிட்டாரு தம்பி. நீங்க போனதும், 'இனி ஒண்ணையும் தொடாத பவுனு, அதுங்க முகுந்துக்கு உசுரு'ன்னாரு. உங்களுக்கே குடுத்துடலாம்னுதான் இருந்தாரு, அதுக்குள்ள மழை புடிச்சிக்கிச்சு. ஸ்கூட்டர்ல கொண்டுபோனா நனைஞ்சிடும், மழை நிக்கட்டும்னாரு."

நான் வாய்விட்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஜம்புநாதனைக் கொன்றது நான்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் கொடுக்க நினைத்ததைத்தான் எடுத்துக்கொண்டேன் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். மழை நிற்கும்வரை காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.