அரைக் கார்

உங்கள் ஜீப்பின் கிளட்ச் தேய்ந்துவிட்டது, இன்ஸ்பெக்டர். காலையில் வாசலில் திருப்பும்போதே சத்தம் கேட்டது. இப்படியே ஓட்டினால் நடுரோட்டில் நின்றுவிடும். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஸ்டேஷனில் யாருக்கும் காது கிடையாது.

நான் வந்த விஷயம் வேறு. மாம்போங் இறக்கத்தில் போதகர் டொங்கோரின் கார் பள்ளத்தில் விழுந்து மூன்று பேர் செத்தார்கள். அவர் வண்டி ஓட்டப் பழகிய என் இயந்திரம் கோளாறானது, அதனால்தான் இப்படி ஆனது என்று அறிக்கை எழுதி, என் பட்டறைக்கு வந்து இயந்திரத்துக்கு சீலும் வைத்துவிட்டீர்கள். சீல் கிடக்கட்டும். கோளாறு என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

லாரி மோதிப் பின்பாதி நசுங்கிய ஒரு காரை வாங்கி, முன்பாதியை அறுத்தெடுத்துச் செய்தது அது. சீட்டு, ஸ்டீயரிங், மூன்று மிதிகள், கியர், சாவித் துவாரம், எல்லாம் அசல். மிதித்தால் அசல் காரைப் போலவே எதிர்த்து நிற்கும். கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு பெரிய டிவி, அதில் ரோடு ஓடும். எங்கள் சுவாமே பட்டறைப் பேட்டை முழுக்கச் சிரித்தது. "மாஸ்டர் ஜோமோ, பின்பாதி எங்க? அடகு வெச்சுட்டீங்களா?" என்றார்கள். பிறகு அதே வாய்கள் தங்கள் மச்சான்களைப் பழக அழைத்து வந்தன. அந்த மச்சான்கள் டிவியில் ஆட்டை இடித்துவிட்டு ஆட்டிடம் மன்னிப்புக் கேட்பார்கள். இப்படிப்பட்டவர்களோடுதான் நான் வாழ்கிறேன்.

ஓசோஃபோ என்று நாங்கள் கூப்பிடும் போதகர் டொங்கோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சிலருக்கு ஆண்டவர் முழுக் கார் குடுக்குறாரு. சிலர் அரைக் காருக்குள்ள உக்காந்துக்கிட்டு வாயாலேயே புர்ர்ருன்னு ஓட்டுறாங்க. நம்ம மாஸ்டர் ஜோமோ அதுல எந்த ஊருக்குப் போறாரோ, டிக்கெட் எவ்வளவோ."

சபை சிரித்தது. சபை எதற்கும் சிரிக்கும். என் பக்கத்தில் இருந்த என் மனைவி செர்வாவும் சிரித்தாள். துணி ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் கையிலிருந்து ஸ்பானர் நழுவும். எனக்கு நழுவியதில்லை.

அந்த முழுக் காரைக் கொடுத்தது ஆண்டவர் அல்ல, சபைதான். வசூல் செய்து வாங்கித் தந்தார்கள். ஓசோஃபோவுக்கோ ஓட்டத் தெரியாது. பழகுநர் பலகை மாட்டிக்கொண்டு ஊருக்குள் சுற்ற வெட்கம். எல்லோரும் ஃபுஃபு சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், பின்பக்கமாகப் பழைய டயர்க் குவியலில் ஏறி இறங்கி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், ஆண்டவர் குடுத்த கார்ல பழகுறேன்னு பலகை மாட்டினா சபை என்ன நெனைக்கும்? நான் இங்க வந்தது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"டயர் வாயைத் திறக்காது, ஓசோஃபோ. நானும் திறக்க மாட்டேன்."

அன்று அவர் போனதும் என் இயந்திரத்தில் ஸ்டீயரிங் பூட்டின் பல்லை அரத்தால் ராவி எடுத்தேன். அது என்ன என்று உங்களுக்கும் தெரியாது, சொல்கிறேன். அசல் காரில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் அப்படியே பூட்டிக்கொள்ளும். திருடனுக்காக வைத்த ஏற்பாடு. ரோட்டில் பழகிய எவனுக்கும் இது தெரியும். இயந்திரத்தில் மட்டும் பழகியவனுக்கு, நான் சொன்னால்தான் தெரியும்.

கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தேன். அவர் மந்தம், ஆனால் விடாமல் வந்தார். பிறகு மலை இறக்கத்துக்கு வந்தோம். நம் டிரைவர்கள் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். நீங்களும் விடுவீர்கள். நான் அதற்கு மேல் ஒரு படி சொல்லிக்கொடுத்தேன்.

"இன்ஜினையே அணைச்சுடுங்க, ஓசோஃபோ. சாவியை உருவிச் சட்டைப்பையில போட்டுக்கோங்க. அதிலேயே விட்டா கரண்ட் கசியும்."

"அட, இது யாருக்கும் தெரியலையே."

"பெரிய இறக்கத்துல மட்டும் செய்யுங்க."

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாவியை உருவினால் டிவி ஓரத்தில் பெட்ரோல் முள் பச்சைக்கு ஏறும்படி செய்திருந்தேன். முள் ஏறும்போதெல்லாம் மிட்டாய் வாங்கிய பிள்ளை மாதிரி சிரிப்பார். கை தானாகச் சாவிக்குப் போகும்வரை பழக்கினேன். மற்றவர்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நான் பொறுப்பான மனிதன்.

ஊருக்குள் அவர் நன்றாகவே ஓட்டினார். சபை கைதட்டியது. பிறகு மாம்போங்கில் ஒரு சாவுச் சடங்கு வந்தது. சனிக்கிழமை காலை செர்வா சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"ஓசோஃபோ அவர் கார்லயே வரச் சொல்லிட்டாரு. அவரே ஓட்டுறாராம். பாத்தீங்களா, யார்கிட்டயும் கத்துக்காமலே ஆண்டவர் குடுத்துட்டாரு. உங்க அரைக் கார்ல உக்காந்திருந்தா இன்னும் ஆட்டைத்தான் இடிச்சிட்டு இருப்பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு.

"பெல்ட் போட்டுக்கோ," என்றேன்.

"போங்க, துணி கசங்கிடும்."

வேறு ஏதாவதும் சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, குடிக்கப் போய்விட்டேன்.

போகும்போது ஏற்றம், ஒன்றும் இல்லை. திரும்பும்போதுதான் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. சாவி அவர் சட்டைப்பையில் இருந்ததை நீங்களேதான் கண்டெடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர். கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க யோசித்தீர்கள். முதலில் சாத்தானின் வேலை என்றீர்கள், பிறகு அவர் என் டயர்க் குவியலில் ஏறி இறங்கியதை எவனோ வந்து சொன்னதும் கோளாறு என்று எழுதினீர்கள்.

அதை அடித்துவிட்டு எழுதுங்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லை. நான் கற்றுக்கொடுக்கச் சொன்னதை அது பிசகாமல் கற்றுக்கொடுத்தது. ஓசோஃபோவையும், பின்சீட்டில் இருந்த சபைப் பாடகர் குழுப் பெண் ஒருத்தியையும் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

செர்வாவின் சாவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். நான் பெல்ட் போடச் சொன்னேன். அவள்தான் போடவில்லை.