பின்னறைக்கு இளநீலம்

விற்கப்போகிற வீட்டுக்கு அடர்ந்த நிறம் அடிக்கக் கூடாது. பார்க்க வருகிறவர்களுக்கு அறை சின்னதாகத் தெரியும். அதனால் முன்னறைக்குச் சந்தன நிறமும் பின்னறைக்கு இளநீலமும் தேர்ந்தெடுத்தேன். இதில் தவறு ஒன்றும் இல்லையே, ஐயா.

பின்னறையில் என் அண்ணன் சிலுவைதாசன் படுத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இழுத்து இழுத்து மூச்சு விடுவதைக் கேட்டே வளர்ந்தேன். எனக்கு அந்தச் சத்தம் பயம். நின்றுவிடுமோ என்றும் பயம், நிற்கவே நிற்காதோ என்றும் பயம். வீட்டை விற்றுவிட்டு, அது கேட்காத இடத்துக்குப் போய்விட நினைத்தேன்.

அண்ணன் சம்மதிக்கவில்லை. “நான் செத்த பொறவு வித்துக்கோ மக்கா,” என்றார்.

அப்போது இடவப்பாதி மழை. பின்னறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்ததால் எனாமல் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். பெயின்டர் ஷிபு தயங்கினான். “இதுக்க மணம் ஆகாது அண்ணே. காயுற வர பெரியண்ணன வேற முறியில படுக்க வையுங்க, கேட்டியளா.”

சரி, வேறு அறையில் படுக்கவைக்கிறேன் என்றேன். அவன் வேலையை முடித்துவிட்டுப் போனதும் அண்ணனைப் பின்னறையிலேயே திரும்பப் படுக்கவைத்தேன். சாரல் பட்டால் பெயின்ட் பாழாகும், ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிலும் ஈரம் காயவில்லை. அவர் கைத்தடம் விழக் கூடாதே என்று வெளியே கொண்டி போட்டேன். இன்ஹேலரை எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று நீங்கள் முதலில் விசாரித்தபோது சொன்னேன் அல்லவா? அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இழுப்பு வேகமாகக் கேட்டது. “கதவத் தெறலே மக்கா,” என்று ஒருமுறை கூப்பிட்டார். நான் முன்னறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பயத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கையை எடுத்தபோது வீடு அமைதியாக இருந்தது.

ஆஸ்துமாக்காரர்தானே என்று ஊர் எதுவும் கேட்கவில்லை. மாதம் ஆகுமுன் வீடும் கைமாறியது.

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் வெள்ளை அடிப்பார்கள். இளநீலம் மிச்சம் இருந்ததால் அண்ணன் கல்லறைக்கு அதையே அடித்தேன். பக்கத்தில் தன் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த ஷிபு அந்த நிறத்தையே பார்த்தான்.

“அண்ணே, அன்னைக்குப் பெரியண்ணன எந்த முறியில படுக்க வச்சிய?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். கல்லறைக்குள்ளிருந்து இழுப்பு கேட்டது. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன். அதன் பிறகுதான் அவன் உங்களிடம் வந்திருக்கிறான்.

இந்த அறையிலும் கேட்கிறது ஐயா, அந்தச் சுவருக்குப் பின்னால். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். நான் அண்ணன் பேச்சைத் தட்டியதே இல்லை. அவர் செத்த பிறகுதான் வீட்டை விற்றேன்.