பிந்தி வந்த ‘ம்’

அந்தியில் மஃரிப் தொழுதவர்கள் வீடு திரும்பிவிட்ட நேரம். அலவத்துகொடைக்கு அப்பால், பஸ் நிற்காத ஒரு வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வயல். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த வருடம். இருட்டிய பிறகு அந்தத் தெருவில் யாரும் சும்மா நடப்பதில்லை. வளைவில் ஒரேயொரு கடை. மூன்று கம்பியூட்டர் வைத்த நெட் கடை...

நம்ம ஹபீலின் மச்சான் ஷிராஸ்தான் அதைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு நடந்தது இது. கிட்ட வந்து உட்காருங்கள்.

ஷிராஸ் கண்டியில் மாலை வகுப்பில் கம்பியூட்டர் திருத்தப் படித்துக்கொண்டிருந்தான். எதையும் ஒழுங்காகத்தான் செய்வான். செய்து முடித்ததும், சரியாகத்தான் செய்தேனா என்று தன்னையே சந்தேகப்படுவான். அன்று வகுப்பு முடிந்து வந்து கடையைத் திறக்கும்போதே கமலாசனி டீச்சர் வாசலில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தார்.

அவருடைய ஒரே மகன் சேந்தன். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். இப்போது ஏதோ ஓர் எல்லை நகரத்தில் நிற்கிறான். அன்று மூடிய லொறியில் ஏற்றப்போகிறார்கள். அதே ஏஜென்ட் முதல் அனுப்பிய லொறியில் காற்றில்லாமல் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று மத்தியானம்தான் டீச்சருக்குச் செய்தி வந்தது.

“ஏறாதை எண்டு சொல்லிப்போட்டால் போதும் தம்பி. ஒரு சொல்லுத்தான்.”

சேந்தனிடம் போன் இல்லை. ஏஜென்டின் ஆள் ஒருவன் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு ஹெட்போனை மட்டும் கொடுப்பான். எழுதி அனுப்ப வழியில்லை. குரல் ஒன்றுதான்.

லைன் கிடைத்தது. “அம்மா... ஒண்டும் கேக்கேல்லை அம்மா...”

டீச்சர் கத்தினார். “ஏறாதை! ஏறாதை ராசா!” அங்கே போய்ச் சேரவில்லை.

ஷிராஸ் முறைப்படி தொடங்கினான். மற்ற இரண்டு கம்பியூட்டரையும் அணைத்தான். ஹெட்போனை மாற்றினான். வயரைக் கழற்றி, துடைத்து, திரும்பக் குத்தினான். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தான்.

“கணக்கில விட்ட பிழையைத் தேடுற மாதிரியே தேடுறாய். கெதியாச் செய் மோனை!”

“லைனை வெட்டிட்டு திரும்ப எடுப்போம் டீச்சர். சரிவரும்... எண்டு நெனைக்கிறன்.”

சரிவந்தது. குரல் தெளிவாகப் போனது. ஆனால் பிந்திப் போனது. டீச்சர் ஒன்று சொன்னால், மூச்சு விட்டு மூச்சு வாங்கிய பிறகு அதே சொல் அவர் குரலிலேயே காதுக்குள் திரும்பி வந்தது.

“அது எக்கோ டீச்சர். உங்கட கொரல் அங்க போய், அவர்ட மைக்கில பட்டு வருது.” சொல்லிவிட்டு அவன் மேசைக்குக் கீழே குனிந்து மற்ற வயரைத் தேடினான்.

மேலே சேந்தன் பேசிக்கொண்டிருந்தான். சாப்பிட்டானாம். சுகமாக இருக்கிறானாம். குளிருக்குச் சட்டை கிடைத்ததாம். பிள்ளையின் குரலை டீச்சர் கேட்டு மாதக் கணக்காகிவிட்டது. சொல்ல வந்ததையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். யார் கதைத்தாலும் நாம் செய்வதுதானே... வாய் தன்பாட்டில் ம் கொட்டியது. “ம்... ம்...”

“அம்மா, கூப்பிடுறாங்கள். ஏறட்டோ?”

“வேண்டாம்!” கடையே அதிர்ந்தது. “வேண்டாம் ராசா!”

ஆனால் முதல் போய்ச் சேர்ந்தது அதுவல்ல. காதுக்குள் எக்கோ வந்தது.

“ம்...”

“சரி அம்மா. வாறன்.”

கதிரை இழுபட்டது. பிறகுதான் அந்த வெற்று அறையைத் தொட்டுவிட்டு “வேண்டாம்” திரும்பி வந்தது.

லொறிக்கு என்ன நடந்தது என்று ஷிராஸ் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கதவை வெளியே இருந்துதான் திறந்தார்கள் என்று மட்டும் சொல்வான்.

டீச்சர் ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். அதே கதிரை, அதே ஹெட்போன். காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடி இருப்பார். அவன் தடுக்கவில்லை. லைனை வெட்டித் திரும்ப எடுத்தது பிழையோ, முதலே ம் கொட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று அவன் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு பின்னேரம் தெல்தெனியப் பக்கம் இடி முழங்கியது. இடி என்றால் லைனைக் கழற்றிவிடுவது நம் வழக்கம். ஷிராஸும் வயரை உருவினான். நுனி அவன் கையில் இருந்தது.

“தம்பி... வாறான்.”

ஹெட்போனுக்குள் இரைச்சல். அவன் அதன் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டான். குளிர்காற்று. டீசல் மணம் கடைக்குள்ளேயே அடித்தது. மழை நாளில், கதவு சாத்திய கடையில்... டீசல்.

“சாப்பிட்டனான் அம்மா. சுகமா இருக்கிறன்.”

கழற்றிய வயரின் நுனியை ஷிராஸ் இன்னொரு தரம் பார்த்தான். என்றாலும் பயத்தை விடப் பெரிதாக ஒன்று அவன் நெஞ்சில் அடித்தது. சேந்தன் இன்னும் ஏறவில்லை! இந்தத் தரம் சரியாகச் செய்தால்...

“டீச்சர், இப்பவே சொல்லுங்க! கேள்வி வாறதுக்கு முந்தி. பொறகு வாயே தொறக்க வாணாம். மூச்சும் வாணாம்.”

“ஏறாதை ராசா! வேண்டாம்!” சொல்லிவிட்டு டீச்சர் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் பொத்தினார். கண் பிதுங்கியது.

இரைச்சல்... யாரோ இருமினார்கள். ஒருவர் அல்ல, பலர்.

“அம்மா, கூப்பிடுறாங்கள். ஏறட்டோ?”

கூரையில் மழை. டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று இடமும் வலமுமாக... “வேண்டாம்” இப்போது போய்ச் சேரும். இப்போது...

காதுக்குள், மிக அன்பாக, டீச்சரின் குரல் சொன்னது:

“ம்...”

ஷிராஸ் திரும்பிப் பார்த்தான். வாய்க்குள் சேலை அப்படியே இருந்தது. தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“சரி அம்மா.”

இரும்புக் கதவு சாத்தும் சத்தம். பிறகு, உள்ளே இருந்து அதைத் தட்டும் சத்தம்.