மணப்பாட்டில் எடுத்த வானம்

— ...அதான் சொல்லுதேன், படத்தப் பெரிய சைசுல பிரிண்ட் போடவெல்லாம் வேண்டாம். ஸ்டூடியோக்குள்ள ஹபீப் அண்ணன் மெஷின ஆன் பண்ணிட்டாரு போல. நிறுத்தச் சொல்லுங்க மாரிக்கனி.

— ஏன் நிறுத்தணும்? இதுக்குன்னே கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாதியில எறங்கியிருக்கேன். எங்க பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் சுவத்துல மூணடிக்கு நாலடி. கீழ ஒங்க பேரு. ‘படம்: ச. வல்லரசு, ராஜபாளையம்.’

— பேரா... மில்லு சூப்பர்வைசர் பேரெல்லாம் எதுக்கு...

— என்ன ஒரு தன்னடக்கம். எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இதக் காணோமே. ‘தம்பிக்கு வேற என்ன பழக்கம் உண்டு’ன்னு அப்பா கேக்க, ‘போட்டோகிராபி, பத்து வருசமா’ன்னு சொன்னது யாரு?

— பழக்கம்னதும் தண்ணி, சிகரெட்டக் கேக்காவளோன்னு பதறிட்டேன். வாயில வந்ததச் சொன்னேன்... அதாவது, உள்ளதத்தான் சொன்னேன்.

— சரி. இந்தக் கடல் படத்துல ஓரமா செவப்பா ஒண்ணு தெரியுதே. சூரியனா?

— பெருவிரல்.

— ம்.

— ஆனா காலைல அஞ்சரை மணிப் பெருவிரல். அந்த வெளிச்சத்துல விரலுக்கே ஒரு அழகு வந்திருது பாருங்க.

— சர்ச் ஏன் கடலப் பாத்துச் சாயுது?

— மணப்பாட்டுல காத்து அப்பிடி.

— எம்புட்டோ காலமா நிக்கிற சர்ச்சு. ஒரே நாள்ல சாச்சுட்டு வந்துட்டீங்க.

— அங்க யாரும் ஒண்ணும் சொல்லல. ஃபாதர் எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தாரு.

— அதெல்லாம் போகட்டும். இந்த நட்சத்திரப் படந்தான் எனக்கு உசுரு. எது திருவாதிரை, எது கார்த்திகைன்னு எல்லாரும் கேப்பாங்க. மாட்டுற அன்னைக்கு நீங்களே வந்து குச்சி வச்சுக் காட்டணும்.

— குச்சியா... மாரிக்கனி, செத்த நேரம் இந்தப் பெஞ்சுல உக்காருங்களேன்.

— நிக்கிறேன், பரவாயில்ல.

— அப்ப நான் உக்காந்துக்கிடுதேன்... ஒங்க வீட்டுல பதில் சொல்லுதோம்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு. இப்ப நான் ஒண்ணு சொன்னா, ‘வேண்டாம்’னு பதில் வந்திரும். சொல்லலைன்னா எம்பேர சுவத்துல ஏத்திருவீங்க. ரெண்டுல எது கேவலம்னு நேத்துல இருந்து தூங்காம யோசிச்சேன்.

— எது?

— அந்தப் படத்துல இருக்கது வானம் இல்ல.

— பொறவு?

— மூடி.

— என்ன மூடி?

— லென்ஸ் மூடி. கடக்கரை மண்ணு உள்ள போயிருமேன்னு சாயங்காலம் போட்டேன். ராத்திரி கழட்டுனதா நெனப்பு. நேத்து ஹபீப் அண்ணந்தான் பாத்துட்டுச் சொன்னாரு. பழைய கேமராவ முப்பது செகண்டு ஓட விட்டா சூட்டுல தன்னால புள்ளி புள்ளியா விழுமாம். அதத்தான் நான் நட்சத்திரம்னு...

— எடுக்கையில கறுப்பாத் தெரிஞ்சிருக்குமே?

— ராத்திரின்னா கறுப்பாத்தான இருக்கும்னு விட்டுட்டேன்.

— அப்ப உவரியில எடுத்தது?

— மூடி.

— பிளவக்கல் அணை?

— அதுவும் மூடிதான்... அன்னைக்குக் கொசுக்கடி மட்டும் நெசம்.

— ...

— சிரிக்கிறீங்களா?

— இல்லையே. சொல்லுங்க.

— தோள் ஆடுது. சிரிங்க, சிரிங்க. சிரிச்சு முடிங்க, இன்னொண்ணும் இருக்கு. பத்து வருசம்லாம் கெடையாது. ஒங்களப் பாத்துட்டுப் போன மறுநாளு மதுரையில செகண்ட் ஹேண்டு கேமரா ஒண்ணு வாங்குனேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் பஸ் ஏறிருவேன். ஒங்களுக்கு அனுப்ப ஏதாவது வேணும்லா.

— தெரியும்.

— எது தெரியும்?

— அம்புட்டும். மணப்பாடு, உவரி, பிளவக்கல். மூணு ஊரு, மூணு மாசம். ஒரு நட்சத்திரங்கூட இம்மி நகரல. வச்ச எடத்துல அப்பிடியே நிக்குது. நான் பிசிக்ஸ் நடத்துறவ, வல்லரசு.

— ஒரே வானந்தானேன்னு...

— ரெண்டாவது படத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்.

— பொறவு எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ‘அருமை’ன்னு பதில் போட்டீங்க? இப்ப மூணடிக்கு நாலடி வேற...

— நீங்களா வாயத் தொறந்து சொல்லுதீங்களான்னு பாக்கத்தான். நேத்து ஹபீப் அண்ணன ஒங்ககிட்ட மூடி கதையச் சொல்லச் சொன்னதே நாந்தான். உள்ள மெஷினும் ஓடல. அண்ணன் ஃபேனத்தான் போட்டிருக்காரு.

— அப்ப ஊரே சேந்துதான்... சரி. ஒங்க அப்பா பதில நேராவே சொல்லிருங்க. தாங்கிக்கிடுவேன். ராத்திரியே மணப்பாட்டுக்குப் போயி, கேமரா இல்லாம கடலப் பாத்து உக்காந்துக்கிடுதேன்.

— ‘அவங்க வீட்டுக்குப் போன் போட்டு சம்மதம்னு சொல்லிரவா’ன்னு அப்பா ரெண்டு மாசமா எங்கிட்டக் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. நாந்தான் ‘செத்தப் பொறுங்கப்பா’ன்னு பிடிச்சு வச்சிருக்கேன். சொல்லிட்டா, எனக்காக எந்த மனுசன் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போயி, விடிய விடிய ஒரு மூடியப் படம் பிடிச்சுக்கிட்டு நிப்பான்?